மேஸ்திரி வீட்டுத் தொட்டி

தொட்டியில் மூன்றே மூன்று வைக்கோல் கிடந்தது.

அருள்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மூன்றுதான். அதிலும் ஒன்று பாதியாக ஒடிந்தது.

"ஏம்மா ஜெஸ்லின், இன்னா இது?"

சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். அவள் கணவன், அதாவது அருள்பிரகாசத்தின் ஒரே மகன், கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் பெரியவர், மருமகள், இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான்.

"பாலன் இயேசு படுக்கிற தீவனத் தொட்டி மாமா. போன ஞாயித்துக்கிழமை கோயில்ல வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்க. கூடவே ஒரு கட்டு வைக்கோலும் குடுத்தாங்க. அது அந்த டப்பாவுல இருக்கு."

"தொட்டி தெரியுது. உள்ள மூணுதான் கீது."

"ஆமா மாமா. ஒரு வாரத்துல மூணுதான்," என்றாள் ஜெஸ்லின்.

அவள் முகத்தில் வெட்கம் இல்லை. வெட்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருப்தி இருந்தது. மணலி புதுநகரில் வளர்ந்த பெண். கௌரவம் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்று அருள்பிரகாசம் நினைத்துக்கொண்டார்.

அந்த மூன்று வைக்கோல் அவர் நெஞ்சில் ஏன் குத்தியது என்பதைச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் திருப்பலியில் பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கோயில் வாசலிலிருந்து குடில்வரை கையில் ஏந்தி வருவது அவருடைய குடும்பம். தாத்தா ஏந்தினார், அப்பா ஏந்தினார், நாற்பத்தொரு வருஷமாக இவர் ஏந்துகிறார். சுரூபம் கப்பலில் வந்த அன்று, பெட்டியைக் கீழே போடாமல் இறக்கியவர் தாத்தா என்பதால் கிடைத்த உரிமை. அது எழுத்தில் எங்கும் இல்லை. எழுத்தில் இல்லாததால் அதை யாரும் அழிக்கவும் முடியவில்லை.

இந்த வருஷம் புதிதாக ஒரு பங்குத்தந்தை வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, திருப்பலி முடியும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, "இந்த ஆண்டு பாலனை ஏந்தி வரும் குடும்பத்தை, நான்காம் ஞாயிறன்று உங்கள் தொட்டிகளைப் பார்த்து முடிவு செய்வோம்," என்றார்.

அவருடைய அடுத்த வாக்கியத்துக்கு அருள்பிரகாசம் அங்கே இல்லை. முதல் வரிசையிலிருந்து எழுந்து, நடுவழியாக நடந்து, செருப்பைச் சத்தம் கேட்க மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தட்டினார். பங்கு மக்களோடு பேச்சே கிடையாது. கோயிலுக்குப் போனாலும் அறிவிப்பு தொடங்குவதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

எட்டாம் நாள்தான் ஒரு விஷயம் உறைத்தது. இவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாலன் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போய்விடும். தங்கபுஷ்பம் அடுத்த தெரு. தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துக்குத் தலைவி. அவளுடைய மாமனார், இவருடைய தாத்தாவிடம் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டு ஆள் பாலனை ஏந்திவர, அருள்பிரகாசம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எட்டிப் பார்ப்பது என்றால், அதற்கு அத்திப்பட்டுக்கே குடிபோய்விடலாம்.

அதனால்தான் மௌனத்தைக் கலைத்துவிட்டுத் தொட்டியைப் பார்க்க வந்தார்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்."

பேத்தி ஈவாவும் பேரன் கிறிஸ்வினும் வந்து நின்றார்கள். அவளுக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து.

"யாரு இதுல வைக்கோல் போடறது?"

"யாரு வேணா போடலாம் தாத்தா," என்றாள் ஈவா. "ஆனா யாரு போட்டா, எதுக்குப் போட்டான்னு கேக்கக் கூடாது. சொல்லவும் கூடாது. ஃபாதர் சொல்லிக்கீறாரு."

"தெரியும், தெரியும். இதெல்லாம் உன் வயசுல நான் செஞ்சது. அப்ப கன்னியாஸ்திரிங்க சொல்லிக் குடுப்பாங்க. ஒரு நல்லது செஞ்சா ஒரு வைக்கோல். செஞ்சத வெளிய சொன்னா பெருமைன்னு ஆயிடும், அதான் சொல்லக் கூடாது."

ஈவா வாயைத் திறந்தாள். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மூடிக்கொண்டாள்.

"ஒரு வாரத்துல மூணு நல்லதுதானா? வெளிய தெரிஞ்சா காறித் துப்ப மாட்டான்? நாளையிலருந்து பாருங்க."

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை எழுப்பினார். அவர் எழுப்பினால் எதிர்வீட்டு மஜீது பாயும் எழுந்துவிடுவார். அருள்பிரகாசம் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு அடியில் மூட்டை கட்டுபவனிடம் பேசிப் பழகிய தொண்டை. அவரைக் கேட்டால் அது கத்தல் இல்லை, பேச்சு.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினார். 'காலை: அம்மாவுக்கு உதவி. பகல்: அயலாருக்கு உதவி. மாலை: பெரியவருக்கு உதவி.'

கிறிஸ்வினுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், நேரம் பார்க்கத் தெரியாது. பெரியவர் குளிக்கப் போனதும் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்தான். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால், சோப்புப் போட்டு, இரண்டு பக்கமும் அழுந்தத் தேய்த்து, கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

அருள்பிரகாசம் அதை மாட்டிக்கொண்டபோது ராயபுரத்தில் பனி இறங்கியிருந்தது. வீட்டுக்குள்ளும் இறங்கியிருந்தது.

"எவன் வேல இது?"

"நான்தான் தாத்தா. பெரியவருக்கு உதவி."

பெரியவர் பேச ஆரம்பித்தார். கால் மணி நேரம் பேசினார். பேரனில் தொடங்கி, பேரனைப் பெற்றவளுக்குப் போய், அவளைப் பெற்றவர்களைத் தொட்டு, மணலி புதுநகரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். எதிர்வீட்டில் மஜீது பாயின் மனைவி அஜீசா ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள்.

கண்ணாடியை உடனே மாற்றச் சொன்னாள் ஜெஸ்லின். "பாலன் விஷயம் முடியட்டும். அதுக்கு முன்னாடி எனக்கு வேற வேல கெடையாது," என்றுவிட்டார் பெரியவர்.

அன்று மாலை தொட்டிக்குள் கையை விட்டுத் தடவினார். கண் போனாலும் விரல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... பத்து. காலையில் மூன்று, மாலையில் பத்து.

அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தபோது மூன்று. ஒரு நாள் வாயைத் திறந்ததற்கு ஏழு. பிள்ளைகள் ஏழு நல்லது செய்திருக்கிறார்கள். எதையும் வெளியே சொல்லவில்லை. ஈவா ஒரு மூலையில் தலையைக் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண். அவருடைய ரத்தம்.

புதன்கிழமை ஈவா 'அயலாருக்கு உதவி'யை நிறைவேற்றினாள். தெருப் பெருக்க வரும் ரமாபாய், மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தூளி கட்ட நல்ல துணி இல்லை என்று வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஈவா அலமாரியைத் திறந்தாள். எடுத்ததும் கைக்கு மெத்தென்று பட்டதைக் கொடுத்தாள்.

அது சிவப்புக் கரை போட்ட பட்டு வேட்டி. அருள்பிரகாசத்தின் தாத்தாவுடையது. வருஷத்தில் ஒரே ஒரு முறை, பாலனை ஏந்துவதற்கு மட்டும் வெளியே வரும்.

விஷயம் தெரிந்ததும் அவர் வீட்டில் கொஞ்சம் பேசிவிட்டு, மீதியைத் தெருவில் பேசிக்கொண்டே ரமாபாயின் வீட்டுக்கு நடந்தார். உள்ளே உத்தரத்திலிருந்து பட்டு வேட்டி தொங்கியது. அதற்குள் பதினோரு நாள் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"நைனா, கொஞ்சம் மெதுவா," என்றாள் ரமாபாய். "இப்பத்தான் கண்ண மூடுச்சு. ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரு."

"மூணு தலமொற வேட்டிம்மா இது."

குழந்தை விழித்துக்கொண்டது. அது அழ, பக்கத்து வீட்டுக் குழந்தை அழ, அதற்கடுத்த வீட்டு நாய் குரைத்தது. ரமாபாய் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதன் நடுவில் பதினோரு நாள் குழந்தையின் முத்திரை ஒன்று மஞ்சளாகப் பதிந்திருந்தது.

அன்று மாலை தொட்டியில் பதினொன்று கூடியிருந்தது.

வியாழக்கிழமை அத்திப்பட்டில் ஒரு சாவு. தூரத்து உறவு, போகாமல் இருக்க முடியாது. விடிந்ததும் கிளம்பியவர் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்பினார். வீட்டில் சத்தமே இல்லை. ஜெஸ்லின் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் தரையில் படுத்து ஸ்டாருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

அவர் தொட்டியைத் தடவினார். ஒன்றுகூட ஏறவில்லை.

அருள்பிரகாசத்துக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு நல்லதும் நடக்காது. கண்டிப்புதான் உரம். உரம் போட்டால் வைக்கோல் விளைகிறது, போடாவிட்டால் தரிசு. இனி நான்காம் ஞாயிறுவரை வாசல்படி தாண்டுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார்.

"மாமா," என்று ஜெஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்த வைக்கோல் விஷயமா ஃபாதர் சொன்னது என்னன்னா..."

"அந்த ஃபாதர் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் வைக்கோல் போட்டவன். எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். நாலு வூடு தள்ளிக் கேட்டுக்கோ, அருள்பிரகாசம் யாருன்னு சொல்லுவான்."

நாலு வீடு தள்ளி இருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள்தான். ஜெஸ்லின் டப்பாவைத் திறந்து ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ வந்து போனது போலிருந்தது. கண்ணாடி சரியில்லாததால் அவருக்கு அது பிடிபடவில்லை. மாமனாரின் சொல்லைப் பொறுத்துக்கொண்டதும் ஒரு நற்செயல்தானே, அதற்குப் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். மருமகளும் தேறிவருகிறாள்.

மூன்றாம் ஞாயிறு மாலை அன்பியக் கூட்டம் முறைப்படி அவர் வீட்டுக்கு வந்தது. வராதே என்று சொல்ல முடியாது. தங்கபுஷ்பம் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகள் வளையத்தில் நின்றன. மூன்றாவது ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டைக் கடையில் ரோஸ் தீர்ந்துவிட்டது என்று ஜெஸ்லின் சிவப்பு வாங்கி வந்திருந்தாள்.

ஜெபம் பாதியில் நிற்க, பெரியவர் ரோஸுக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேசினார். எல்லோரும் கைகூப்பியபடி கேட்டார்கள். கிறிஸ்வின் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து போய் ஒரு வைக்கோலைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அவர் பேச்சு நீண்டது. அவன் மறுபடி எழுந்து போய் இன்னொன்று போட்டான்.

எல்லாக் கண்ணும் தொட்டிப் பக்கம் திரும்பியது. அருள்பிரகாசத்தின் மார்பு விரிந்தது.

கூட்டம் முடிந்ததும் தங்கபுஷ்பம் தொட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னாண்ணே, இவ்ளோ கீது?"

"நாப்பத்தி நாலு. இன்னும் ஒரு வாரம் கீது."

"எண்ணி வேற வெச்சிக்கீறியா? எங்க வூட்ல ரெண்டுதாண்ணே. அதுக்கே எனக்கு வெளிய சொல்ல வெக்கமா கீது."

"வெக்கப்பட வேண்டிதுதான்," என்றார் அருள்பிரகாசம். "பரவால்ல, எல்லாருக்கும் எல்லாம் அமையாது. வளத்த வளப்பு கீதில்ல."

தங்கபுஷ்பம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ஜெஸ்லினிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்ன ஜெபத்துல நெனைச்சிக்கிறேன் கண்ணு," என்றாள். வயிற்றெரிச்சலை இவ்வளவு பக்தியாகக் காட்ட அவளால்தான் முடியும் என்று பெரியவர் நினைத்தார்.

அந்த வாரம் அவர் வாசல்படி தாண்டவில்லை. பால் பாக்கெட்டை எந்த மூலையில் வெட்டுவது என்பதிலிருந்து, சின்னப்பிள்ளை எந்தக் கையால் மூக்கைச் சிந்த வேண்டும் என்பதுவரை அவருடைய மேற்பார்வையில் நடந்தது. விளைச்சல் அமோகம். புதன்கிழமை சாயங்காலம் தொட்டியைத் தடவியபோது விரலில் என்னவோ குத்தியது. எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தென்னந்துடைப்பத்தின் குச்சி. உள்ளே இன்னும் ஏழெட்டுக் கிடந்தன.

"ஈவா, தொடப்பக்குச்சி இன்னாத்துக்கு இதுல?"

"டப்பா காலி தாத்தா. வைக்கோல் தீந்துடுச்சி."

"எல்லாத்தையும் போட்டுட்டீங்களா?"

"ஆமா தாத்தா. தம்பி தொடப்பத்துலருந்து உருவிக்கினு வந்து போடறான். போடாம வுடக் கூடாதுல்ல."

அருள்பிரகாசம் குச்சியைப் பத்திரமாகத் தொட்டியிலேயே திரும்ப வைத்தார். நல்லது செய்து செய்து வைக்கோல் தீர்ந்து, நிறுத்த மனம் வராமல் துடைப்பத்தை உருவியிருக்கிறான் ஐந்து வயதுப் பிள்ளை. தாத்தா மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி வந்திருப்பார். இருந்தாலும், முழுசாக இருந்த துடைப்பத்தை இப்படி மொட்டையடிக்கலாமா என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னார். கிறிஸ்வின் துடைப்பத்தை நோக்கி நடந்தான்.

மஜீது பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் கண்ணாடிச் சாமான் கடை. டம்ளரும் தட்டும் உடையாமல் இருக்க வைக்கோல் வைத்துக் கட்டுவார்கள். அருள்பிரகாசம் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"பாய், ஒரு கட்டு வைக்கோல் வேணும்."

"மெதுவாவே கேக்கலாம் மேஸ்திரி, எதுருலதான் கீறேன்," என்று மஜீது வெளியே வந்தார். "இன்னாத்துக்கு? மாடு கீடு வாங்கினியா?"

"தொட்டிக்கு. பாலன் படுக்கிற தொட்டி. பிள்ளைங்க நல்லது செஞ்சே வைக்கோல் தீந்துபோச்சு."

"ஓ, அதான் உன் வூட்ல இவ்ளோ சத்தமா?" மஜீது தாடியைத் தடவிக்கொண்டார். "நல்லது செய்ய இவ்ளோ சவுண்டு தேவப்படும்னு எனக்குத் தெரியாமப் போச்சு மேஸ்திரி. நாளைக்கு அனுப்பறேன்."

சனிக்கிழமை பகலில் அருள்பிரகாசம் தனியாகத் தொட்டியின் முன் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவர்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். குடும்பத் தலைவர் பங்கு என்று ஒன்று உண்டல்லவா. அவர் வாழ்நாளில் செய்த நல்லதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்தார்.

மூட்டைக்காரன் ராமதாஸை அறுபது பேருக்கு முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டு, அவன் பீடியை விட வைத்தது. ஒரு வைக்கோல். மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது, தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி இடித்துரைத்து, அவனை வெட்கப்பட்டுப் படிக்க வைத்தது. இன்னொன்று. கோயில் பாடகர் குழு ராகம் தப்பியபோது நடுத் திருப்பலியில் எழுந்து திருத்தியது. மருமகள் வந்த புதிதில் மீன் குழம்பில் புளி குறைந்ததை, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் சொல்லி, அவள் வாழ்நாள் முழுக்க மறக்காதபடி செய்தது. பழைய பங்குத்தந்தையின் பிரசங்கம் நீண்டபோது கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டியது.

யோசிக்க யோசிக்க வந்துகொண்டே இருந்தது. தன்னைப் பற்றித் தனக்கே இவ்வளவு தெரியாமல் இருந்ததை நினைத்து அவருக்கு வியப்பாக இருந்தது. மஜீதின் கட்டில் பாதி தீர்ந்தது. தொட்டி நிறைந்து, குவிந்து, இரண்டு பக்கமும் சரிந்தது. சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

ஜெஸ்லின் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மாமா, இத கண்டிப்பா கோயிலுக்கு எடுத்துட்டுப் போகணுமா? நம்ம வீட்டோட இருக்கட்டுமே. இவ்ளோ வச்சா பாலன் எங்க மாமா படுப்பாரு?"

"மெத்தையில படுப்பாரு. ஏன், உனக்கு இத்த நாலு பேரு பாத்துட்டா வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. உங்களுக்காகத்தான் சொன்னேன். கடைசியா ஒரு தடவ கேட்டுக்கங்க, ஃபாதர் அன்னிக்கு..."

"ஃபாதர் பேச்ச இந்த வூட்ல எடுக்காத." எதிர்வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. "நாளைக்கு நானே தூக்கிக்கினு போறேன். எல்லாரும் பாக்கட்டும்."

"சரி மாமா. எல்லாரும் பாக்கட்டும்," என்றாள் ஜெஸ்லின். போய்த் தன் நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

நான்காம் ஞாயிறு காலை, சிவப்புக் கரைப் பட்டு வேட்டியில், மஞ்சள் முத்திரை உள்மடிப்புக்குள் போகும்படி கட்டிக்கொண்டு, தொட்டியை மார்போடு அணைத்தபடி அருள்பிரகாசம் தெருவில் இறங்கினார். குறுக்குச் சந்து வழியாகப் போனால் கோயில் மூன்று நிமிஷம். அவர் பெரிய தெருவைச் சுற்றிப் போனார். மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெருக்கிக்கொண்டிருந்த ரமாபாய் துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றாள். பின்னால் ஜெஸ்லின் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பீடத்தின் படிகளில் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து தடவிப் பார்த்தார். ஒன்றில் நான்கு. ஒன்றில் ஆறு. ஒன்றில் பன்னிரண்டு. அந்த வீட்டுக்காரன் ஏனோ தலையைச் சொறிந்துகொண்டு தள்ளி நின்றான். தங்கபுஷ்பத்தின் தொட்டியில் இரண்டே இரண்டு. என்ன ஒரு பங்கு. நல்லது செய்ய ஆளே இல்லாமல் போய்விட்ட ஒரு பங்கு. தாத்தா காலத்தில் இப்படியா இருந்தது.

அவர் தன்னுடையதை நடுவில் வைத்தார். வைக்கோலோடு துடைப்பக்குச்சிகள் நான்கு திசையிலும் நீட்டிக்கொண்டு நின்றன.

பங்குத்தந்தை பக்கத்தில் வந்தார். தொட்டியைப் பார்த்தார். சணல் கயிற்றைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, இது எல்லாமே உங்க வீட்டுலதானா?"

"எல்லாமே எங்க வூட்லதான்."

"பரவாயில்லை ஐயா. வச்சிட்டுப் போய் உட்காருங்க. திருப்பலி முடிஞ்சதும் நாம தனியாப் பேசலாம்."

"தனியா இன்னாத்துக்கு ஃபாதர்? சபை முன்னாடியே பேசலாம். எனக்கு மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் பங்குத்தந்தையின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். அவருக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் மரியாதைக்குப் பிடித்துக்கொண்டார்.

"பங்கு மக்களே. இந்தத் தொட்டியில இருக்கறத எண்ணி முடிக்க உங்களுக்கு நேரம் பத்தாது. இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. எங்க தாத்தா எங்க அப்பாவுக்குக் குடுத்தாரு. எங்க அப்பா எனக்குக் குடுத்தாரு. நான் என் பேரப்பிள்ளைங்களுக்கு ஒரு நாள் தவறாம குடுத்துக்கினு வர்றேன். இதுல முக்கால்வாசி என்னால வந்தது. வூட்ல மட்டும் இல்ல. தெருவுல செஞ்சிக்கீறேன், துறைமுகத்துல செஞ்சிக்கீறேன், இதே கோயில்ல வெச்சும் செஞ்சிக்கீறேன். உங்கள்ல பாதி பேரு அத அனுபவிச்சவங்கதான். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. தேய்ந்த கண்ணாடி வழியாக முகங்கள் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் வரிசையாக முந்தானைகள் வாய்க்குப் போவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அழுகிறார்கள். முன்வரிசையில் ஜெஸ்லின் தலையைக் குனிந்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அவளும் அழுகிறாள்.

"இன்னும் என் மூச்சு இருக்கிறவரைக்கும் செய்வேன்," என்று முடித்தார் அருள்பிரகாசம். "இப்ப சொல்லுங்க ஃபாதர். பாலன் யாரு கைக்குப் போகணும்?"

பங்குத்தந்தை வாயைத் திறந்தார். அதற்குள் கிறிஸ்வின் அம்மாவின் கையை உதறிக்கொண்டு படியேறி வந்து, அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்தான். பயந்த முகத்தோடு, தாத்தாவின் கையிலிருந்த மைக்குக்கு நேராக எம்பி நின்று கேட்டான்.

"ஃபாதர், வூட்ல யாரு கத்தினாலும் ஒரு வைக்கோல் போடச் சொன்னீங்கல்ல, எல்லாம் தாத்தாவுக்கே தீந்துபோச்சு ஃபாதர், மீதிக்குத் தொடப்பக்குச்சி போட்டுக்கீறேன், பரவால்லையா?"